வலையில் ஏறிய அட்டையைக் கடலில் விட வழி சொல்லுங்கள்

தஞ்சைக் கடற்கரையில் வன உயிரினப் பாதுகாப்பையும் மீன்பிடித் தொழிலையும் கவனித்துவரும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் கரையில் அண்மையில் நடந்தது உங்கள் காதுக்கு வந்திருக்கும். நண்டு வலையில் சிக்கிய தாழைக்குள் (கடலடியில் வளரும் புல்) இரண்டு கடல் அட்டைகள் கிடந்தன என்பதற்காக, அதாவது பிடிக்கவும் வைத்திருக்கவும் சட்டம் தடைசெய்த, கடலடியில் ஊரும் அந்த மெல்லுடல் உயிர் இருந்தது என்பதற்காக, என் கொழுந்தனாரின் வள்ளமும் வலையும் பிடித்து வைக்கப்பட்டன. அட்டை வியாபாரி யார், எத்தனை காலமாக இந்தத் தொழில் என்று அவரை மாலை வரை உட்கார வைத்துக் கேட்டார்கள். வழக்குப் பதியாமல் எச்சரித்து அனுப்பியது உண்மைதான். ஆனால் வலை கைக்குத் திரும்பியபோது நண்டு ஓட்டம் முடிந்துபோயிருந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் கொண்டுபோன வள்ளத்துக்குப் பதிலாக வட்டிக்கு வாங்கிய வள்ளம் அது. தவணை மட்டும் நிற்கவில்லை.

நண்டு வலை கடலடியில் படிந்து கிடப்பது. விடியுமுன் இருட்டில் இழுத்து, தாழையும் சேறும் சிப்பியுமாக அப்படியே சுருட்டிக் கரைக்குக் கொண்டுவருகிறார்கள். நண்டு கழற்றுவது எங்களைப் போன்ற பெண்களின் வேலை. கண்ணிகளைப் பிரிக்கும்போதுதான் தாழைக் கொத்துக்குள் மண் பூசியபடி ஒன்று தட்டுப்படும். தொட்டால் இறுகும். சற்று நேரம் வெயிலில் கிடந்தால் குடலை வெளியே கக்கிவிடும். அந்த நிலையிலும் தண்ணீரில் விட்டால் இழந்த குடலை அது மீண்டும் வளர்த்துக்கொள்ளும் என்பது ஆய்வாளர்கள் சொல்லித் தெரிந்துகொண்டது. கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனாலும் அதைக் கையில் எடுக்க இன்று எங்களில் யாருக்கும் துணிவில்லை. எடுத்துக்கொண்டு நடந்தால் வைத்திருந்த குற்றம். எடுக்காமல் விட்டால் சாகடித்த குற்றம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்று கேட்ட பிறகு எந்தப் பெண் அதைத் தொடுவாள்? காப்பாற்றக்கூடிய உயிர் எங்கள் கண் முன்னே மணலில் காய்ந்து சாகிறது.

தடையை நீக்குங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். அட்டையைக் குடல் நீக்கி அவித்து, மணலில் புதைத்து, மேல்தோலைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்துக் காயவைத்து அனுப்பிய காலத்தை எங்கள் பெரியவர்கள் பார்த்திருக்கிறார்கள். நம்மவர் யாரும் அதைச் சாப்பிட்டதில்லை. எல்லாம் சீனர்களின் விருந்துக்கும் மருந்துக்கும் போனது. மூன்று அங்குலத்துக்குக் குறைந்ததை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று 1982-இல் ஆணை வந்தும் பிடிப்பு அடங்காததால்தான் 2001-இல் முழுத் தடை வந்தது. வயலுக்கு மண்புழு எப்படியோ அப்படித்தான் கடலடிக்கு அட்டை: மண்ணை விழுங்கி, அதிலுள்ள மக்கிய பொருளைத் தின்று, சுத்தமான மணலாக வெளியே விடுகிறது, அதன் கழிவு தாழைக்கு உரமாகிறது. அந்தத் தாழையில்தான் எங்கள் நண்டும் இறாலும் வளர்கின்றன. அட்டை அழிந்தால் முதலில் நட்டப்படுவது நாங்கள்தான்.

மூட்டை மூட்டையாகக் காயவைத்து இரவில் அக்கரைக்கு, இலங்கைக்குக் கடத்துபவனைப் பிடியுங்கள். அதற்கு எங்களால் ஆன உதவியைச் செய்வோம். அவனையும், தாழையோடு ஏறிய இரண்டு அட்டையை வைத்துக்கொண்டு விழிப்பவனையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

இதற்கு முன்னுதாரணம் நம் கரையிலேயே இருக்கிறது. தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். வலையில் சிக்கிய ஆவுளியாவை, அதாவது கடற்பசுவை, வலையை அறுத்துக் கடலில் விட்ட மீனவர்களை அழைத்துப் பாராட்டி ஊக்கத்தொகையும் கொடுத்தார்கள். ஆவுளியாவை விட்டவருக்குக் கிடைத்த நம்பிக்கை, அட்டையை விடுபவருக்கு ஏன் இல்லை? இரண்டும் மேய்வது ஒரே தாழைப் படுகையில்தானே.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1988-இலேயே வெள்ளை அட்டையின் குஞ்சுகளைப் பொரிக்க வைத்துவிட்டார்கள். அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இன்று அட்டைப் பண்ணைகள் நடக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் எங்கள் கரையில் ஒரு குஞ்சையாவது கடலில் விட்டு அட்டையைப் பெருக்க யாராவது வந்தார்களா? அடிமடியோடு கடலையே வாரிச் செல்லும் இழுவைப் படகுகளின் மேல் இதே கண்டிப்பு காட்டப்பட்டதா? வள்ளத்துக்காரன்மேல் மட்டும் சட்டம் இவ்வளவு வேகமாகப் பாய்வது ஏன் என்று எங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். நாங்கள் கேட்பது சிறிய காரியம். வலையில் தானாக ஏறிய அட்டையை எப்படி விட வேண்டும், யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்று தமிழில் ஒரு பக்க நடைமுறையை எழுத்தில் தாருங்கள். உயிரோடு இருப்பதை ஊர்ப் பொறுப்பாளர் முன்னிலையில் அங்கேயே கடலில் விட அனுமதியுங்கள். அப்படி விட்டவரின் வள்ளத்தையும் வலையையும் பிடிக்கக்கூடாது என்று அதிலேயே எழுதுங்கள். அதை ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் ஒட்டிவையுங்கள். அடுத்த நண்டு ஓட்டத்துக்கு முன் இதைச் செய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சேதுபாவாசத்திரம் பகுதியில் நண்டு வலை கழற்றும் பெண்களுக்காக,
அவர்களில் ஒருத்தி