நின்று நின்று வரும் குறட்டை

அன்புள்ள தம்பிக்கு,

போன மாதம் நீ வந்து படுத்திருந்த இரண்டு இரவும் நான் தூங்கவில்லை. குறட்டை கேட்டுப் பழகிய காதுதான் எனக்கு. நடுவில் அது நின்றுபோகிறதே, அதுதான் பயம்.

உன் அப்பாவுக்கும் இப்படித்தான். சட்டென்று சத்தம் அடங்கும். மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு எண்ணுவேன். சில சமயம் இருபதைத் தாண்டும். பிறகு திணறிக்கொண்டு ஓர் இழுப்பு. காலையில் கேட்டால், "நல்லாத்தானே தூங்கினேன்" என்பார்.

அப்போது அவருக்குச் சர்க்கரை வந்து ஆறு வருடம். மாத்திரையைக் கூட்டியும் வெறும் வயிற்று அளவு மட்டும் இறங்கவே இல்லை. எனக்குத் தெரியாமல் எதையோ தின்கிறார் என்று சண்டை போட்டேன். பாவம், மனுஷன் வாயைத் திறக்கவே இல்லை, சாப்பிடவும் சரி, பதில் சொல்லவும் சரி. இரவில் நான்கு தடவை பாத்ரூம் போனதையும் சர்க்கரையின் தலையிலேயே கட்டினோம்.

கடைசியில் ஒரு டாக்டர் என் பக்கம் திரும்பி, "குறட்டை விடுவாரா?" என்றார். ஒரு ராத்திரி முழுக்க ஒயர் ஒட்டித் தூக்கப் பரிசோதனை. மணிக்கு 5 தடவைக்குள் மூச்சு தடைபட்டால் சாதாரணம், 30-ஐத் தொட்டால் தீவிரம். அப்பாவுக்கு 41.

தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்ததும் உடம்பு பதறிப்போய் அட்ரினலின், கார்டிசால் என்ற பதற்ற ஹார்மோன்களை எல்லாம் சுரக்கிறது. உயிர் பிழைக்க ஓடுகிறவனுக்குக் கொடுப்பதுபோல் கல்லீரல் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டுகிறது. படுத்துக் கிடப்பவருக்கு அது எதற்கு? இன்சுலின் பேச்சையும் உடம்பு சரியாகக் கேட்பதில்லை. விடிய விடிய இதே கூத்து. சிறுநீர் அதிகமாகப் பிரிவதற்கும் இந்த மூச்சுத்தடை ஒரு காரணமாம்.

இப்போது மாஸ்க் மாட்டி, மூச்சுப் பாதை அடைபடாமல் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷினோடு தூங்குகிறார். முதல் வாரம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். இப்போது பேப்பர் படிக்கும்போதே தலை தொங்குவதில்லை, இரவில் ஒரு தடவைதான் எழுகிறார். வெறும் வயிற்றுச் சர்க்கரை கொஞ்சம் அடங்கியிருக்கிறது. எல்லாருக்கும் அப்படி இறங்கும் என்று டாக்டர் சொல்லவில்லை; மாத்திரையும் நடையும் அப்படியேதான் தொடர்கின்றன.

உனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. சிக்னலில் கண் அசந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் என்ன அவ்வளவு குண்டா?" என்று கேட்பாய். எடை கூடினால் ஆபத்து கூடும், நிஜம்தான், ஒல்லியானவர்களுக்கும் வருகிறது. நீயாகத் தூக்க மாத்திரை எதுவும் போட்டுவிடாதே, தொண்டை இன்னும் தளர்ந்துபோகலாம். குடியும் அப்படித்தான். (எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்காதே.)

நேற்று மருமகளிடம் பேசினேன். அவளும் ராத்திரியில் எண்ண ஆரம்பித்துவிட்டாளாம். பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டு எனக்குப் போன் செய்.

அம்மா