ரிக்கெற் விற்கிற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

போன கிழமை கதைத்தபோது நீ நல்லாய்ச் சலித்துக்கொண்டாய். "முதுமாணி முடித்தது, தெரியாத ஆட்களுக்கு ஃபோன் எடுத்து சீசன் ரிக்கெற் வாங்குங்கோ என்று கெஞ்சவா அப்பா?" என்று கேட்டாய். அடுத்த மூச்சிலேயே, விளையாட்டு அரங்கு வியாபாரத்தில் பெரிய பெயர் எடுத்த ரிம் லைவீக்கி மாதிரி வரவேண்டும் என்றும் சொன்னாய். அவர்மேல் வந்த வழக்கை நான் எடுத்தபோது தட்டிக்கழித்தாய். பதில் சொல்லுவதற்குள் அம்மா ஃபோனைப் பறித்து, என்ன சமைத்தாய், என்ன சாப்பிட்டாய் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த மனிதர் எங்கே தொடங்கினார் என்று பார்த்தாயா? செயின்ட் லூயிஸ், பால்ரிமோர், கன்சாஸ் சிற்றி. ஐஸ் ஹொக்கி அரங்குக்குள் செயற்கைப் புல் விரித்து ஆடுகிற உள்ளரங்கக் கால்பந்து. கால்பந்தையே பெரிதாக மதிக்காத நாட்டில் அதை மண்டபத்துக்குள் வைத்து விற்கவேண்டும். அதற்குப் பிறகு மினசோட்டா. ரிம்பர்வூல்வ்ஸ் என்று ஒரு புதுக் கூடைப்பந்து அணி. 1989-90 அவர்களுடைய முதல் சீசன். சொந்த அரங்கு இன்னும் கட்டி முடியவில்லை, மெற்றோடோம் என்ற பிரமாண்டமான விளையாட்டரங்கில் ஒரு மூலையில் ஆடினார்கள். 82 ஆட்டத்தில் 60 தோல்வி. ஆனால் அந்த வருடம் பார்க்க வந்த சனம் 10 இலட்சத்துக்கும் மேல். ஆட்டத்துக்குச் சராசரி 26,000 பேர். என்பிஏ என்கிற அமெரிக்கக் கூடைப்பந்து லீக் அதற்கு முன் அப்படியொரு கூட்டத்தைக் கண்டதில்லை. அவர் அங்கே உபதலைவர்களில் ஒருவர். வெல்லுகிற அணிக்கு ரிக்கெற் விற்க ஆள் தேவையில்லை, பிள்ளை. தோற்கிற அணிக்குச் சனத்தைக் கொண்டுவந்து இருத்துவதுதான் உன் தொழில். நீ இப்போது வெறுப்போடு எடுக்கிற அந்த ஃபோன் அழைப்புகள்தான் அந்தப் பாடம்.

டென்வரில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, 1996-இல் பிலிப் அன்ஷூட்ஸ் என்ற கோடீஸ்வரரிடம் போனார். அவருடைய ஏஇஜி என்ற, அரங்கும் கச்சேரியும் நடத்துகிற நிறுவனம் அதற்குப் பிறகுதான் இந்த அளவுக்கு வளர்ந்தது. 1999 ஒக்ரோபரில் லொஸ் ஏஞ்சலிஸில் ஸ்டேப்பிள்ஸ் சென்ரர் திறந்தார்கள். அப்போது கூடைப்பந்துக்கு லேக்கர்ஸ், கிளிப்பர்ஸ், ஹொக்கிக்குக் கிங்ஸ் என்று மூன்று அணிகள் ஒரே கூரைக்குள். இது அரங்கில் தளம் மாற்றுகிற எனக்குத் தெரிந்த பகுதி, அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன்.

அப்போது ஒவ்வொரு அணிக்கும் வழக்கமான சீசனில் சொந்த இடத்து ஆட்டம் 41. மூன்று அணி என்றால் 123 இரவு வருடம் பிறக்க முதலே நிரம்பிவிட்டது. மிச்சத்துக்குக் கச்சேரி, குத்துச்சண்டை, விருது விழா. அரங்கு என்பது கலியாண மண்டபம் மாதிரித்தான். வெறுமையாய்ப் போன நாளை பிறகு யாருக்கும் விற்க முடியாது, ஆனால் கரண்ட் காசும் கடன் வட்டியும் அந்த நாளுக்கும் சேர்த்துத்தான் வரும். ஆனபடியால் மேலே இருக்கிறவர்களுக்கு எப்போதும் இன்னும் ஒரு நாள் வேண்டும். பின்னேரம் ஹொக்கி, அடுத்தநாள் மத்தியானம் கூடைப்பந்து என்று போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இராத்திரி கண்ணாடித் தடுப்பைக் கழற்றி, ஐஸுக்கு மேல் குளிர் தாங்கும் பலகை அடுக்கி, அதற்கு மேல் மரத்தளத்தைத் துண்டு துண்டாகப் பூட்டுவது என் மாதிரி ஆட்கள். ஐஸை உருக்குவதில்லை, அது கீழே அப்படியே கிடக்கும். வெளியே புழுக்கமான நாளில் கதவைக் கனநேரம் திறந்து வைத்தால் மரத்தளம் வேர்த்துவிடும். வேர்த்த தளத்தில் ஆட்டக்காரர் வழுக்கி விழுந்தால் ஆட்டமே நிற்கும். வரவுசெலவுக் கணக்கில் இந்த வேர்வைக்கு ஒரு வரி கிடையாது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். லண்டனில் மிலேனியம் டோம் என்று 2000-ஆம் ஆண்டுக் கண்காட்சிக்காகக் கட்டிய பெரிய கூடாரம் வருடக்கணக்காக யாருக்கும் வேண்டாத பொருளாய்க் கிடந்தது. ஏஇஜி அதற்குள்ளே ஓர் அரங்கைக் கட்டி 2007-இல் திறந்தது. இப்போது ஓ2 என்றால் தெரியாத ஆள் இல்லை. அதே வருடம்தான் டேவிட் பெக்கமை லொஸ் ஏஞ்சலிஸ் கலக்ஸி என்ற கால்பந்து அணிக்குக் கொண்டுவந்தார்கள். 2009-இல் அந்த ஓ2-இல் மைக்கல் ஜாக்சனுக்கு 50 இரவுகள் விற்றாயிற்று. தொடங்க இரண்டு மூன்று கிழமை இருக்கும்போது அவர் இறந்துபோனார். காசைத் திருப்பித் தரலாம், இல்லையென்றால் ரிக்கெற்றை நினைவாக வைத்திருக்கலாம் என்று சனத்திடம் கேட்டார்கள். வியாபாரப் புத்தியா, இரக்கமா? எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். லொஸ் ஏஞ்சலிஸ் நடுவில் அமெரிக்கக் கால்பந்துக்கு ஒரு அரங்கு கட்டப் போகிறோம் என்று கட்டாத அரங்குக்குப் பெயர் உரிமையையும் விற்றார்கள். அது கடைசிவரை எழும்பவில்லை.

2013-இல் எங்கள் ரொறன்ரோவுக்கு வந்தார், மேப்பிள் லீவ்ஸ் ஹொக்கி அணியையும் ராப்ரர்ஸ் கூடைப்பந்து அணியையும் வைத்திருக்கிற நிறுவனத்துக்குத் தலைவராக. மேப்பிள் லீவ்ஸ் வென்றால் ஊர்வலம் எந்தத் தெருவால் போகும் என்று திட்டம் போட்டுவிட்டேன் என்றார். 1967-க்குப் பிறகு கிண்ணத்தைத் தொடாத அணி! வேலைத்தலத்தில் நாங்கள் மாதக்கணக்காக அதைச் சொல்லிச் சிரித்தோம். ஆனால் வந்த கையோடு ராப்ரர்ஸை நடத்த மசாய் உஜிரியைக் கொண்டுவந்தார், பாடகர் ட்ரேக்கை அந்த அணியின் தூதராக்கினார், அடுத்த வருடம் "வீ த நோர்த்" என்ற ராப்ரர்ஸ் பிரசாரம் வந்தது. அதுக்குப் பிறகு ஸ்காபரோவில் எங்கட பெடியள் எல்லாம் ராப்ரர்ஸ் சட்டையோடு திரிந்தது உனக்கும் ஞாபகம் இருக்கும், நீயும் ஒன்று வாங்கினாய். 2019-இல் உண்மையாகவே ஊர்வலம் போனது, கூடைப்பந்துக்கு. அப்போது அவர் இங்கே இல்லை. 2014-இலேயே போகப்போவதாக அறிவித்துவிட்டார். ஒரு இடத்தில் காய்க்கும்வரை நிற்காத ஆள் என்று எனக்கு அவரில் ஒரு குறை உண்டு.

பிறகு ஓக் வியூ குறூப் என்று அரங்கு கட்டி நடத்துகிற நிறுவனம் ஒன்றைச் சொந்தமாய்த் தொடங்கினார். சியாற்றிலில் 1962 உலகக் கண்காட்சிக் கட்டடத்தின் கூரையை, ஏறக்குறைய 20,000 தொன் எடை, தாங்குகாலில் நிறுத்திவிட்டுக் கீழே தோண்டிப் புது அரங்கே கட்டினார்கள். 2021-இல் அது திறந்தபோது நான் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இனி நீ ஃபோனில் தட்டிக்கழித்த விஷயம். 2025 ஜூலையில் அமெரிக்க நீதித் திணைக்களம் அவர்மேல் குற்றம் சாட்டியது. ரெக்சாஸ் பல்கலைக்கழகம் ஒஸ்ரினில் அரங்கு கட்டக் கேள்விப்பத்திரம் கோரியபோது, போட்டி நிறுவனம் ஒன்றை விண்ணப்பிக்காமல் இருக்கச் செய்து, பதிலுக்கு அவர்களுக்கு உப ஒப்பந்தங்கள் தருவதாகப் பேசிக்கொண்டார் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். நிறுவனம் 15 மில்லியன் டொலர் கட்டச் சம்மதித்தது. அவர் தலைமைப் பதவியை விட்டார். டிசம்பரில் ஜனாதிபதி ட்ரம்ப் மன்னிப்புக் கொடுத்துவிட்டதால் வழக்கு விசாரணைக்கே வரவில்லை.

"பெரிய இடங்களில் இதெல்லாம் சாதாரணம்" என்றாய். சாதாரணம் என்றால் 15 மில்லியனை ஏன் கட்டினார்கள்? 60 ஆட்டம் தோற்ற அணிக்கு 10 இலட்சம் சனம் சேர்த்த இடத்தில் இருந்து வந்தவருக்குப் போட்டிக்காரன் ஒருவன் எதிரே நின்றால் என்ன குறைந்துவிடும்? அதுதான் எனக்கு விளங்கவில்லை. நாளைக்கு உன்னையும் கேள்விப்பத்திரம் எழுதும் பிரிவுக்கு மாற்றுவார்கள். மற்றக் கம்பனிக்காரன் உன் கைபேசிக்கு எடுத்து, கோப்பி குடிப்போமா என்பான். கோப்பி குடி. விலையையும், யார் போடுவது யார் விடுவது என்பதையும் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே. அவன் தொடங்கினால் எழும்பி வந்து, அன்றைக்கே உங்கள் சட்டப் பிரிவுக்கு எழுதிப் போடு.

இப்போதைக்கு அந்த ரிக்கெற்றுகளை வில். நேரம் கிடைத்தால் ஒரு இராத்திரி கீழே இறங்கிப் போய், உங்கள் அரங்கில் தளம் மாற்ற எத்தனை மணித்தியாலம் என்று பொடியளிடம் கேட்டு எனக்கு எழுது. எங்களைவிடக் கெதி என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

அன்புடன்,
அப்பா