புயல் கரையைக் கடந்ததும் செய்தியை முடித்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி பிறந்ததிலிருந்து உங்கள் நாளிதழின் முதல் பக்கத்தில் வங்கக்கடல் படம் வர ஆரம்பித்துவிட்டது. நடுக்கடலில் ஒரு சுழி, அதிலிருந்து கரையை நோக்கி ஓர் அம்புக்குறி, சென்னைக்கு இத்தனை கிலோமீட்டர், நாகப்பட்டினத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கணக்கு. நான் ஒரு வரி விடாமல் படிக்கிறவள். அந்த உரிமையில் கேட்கிறேன்: அம்புக்குறி கரையைத் தொட்டதும் படத்தை எடுத்துவிடாதீர்கள். ஆற்றோரத்தில் இருக்கிற எங்களுக்குப் புயல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

திருவெண்ணெய்நல்லூருக்கும் அரசூருக்கும் நடுவில், தென்பெண்ணையிலிருந்து பிரியும் மலட்டாற்றை ஒட்டிய ஓர் ஊரில் பால் சங்கச் செயலாளராக இருக்கிறேன். கடலைப் பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித்தான் போக வேண்டும். அதனால் எங்கள் ஊரில் புயல் செய்தியைக் கிரிக்கெட் மாதிரிதான் கேட்பார்கள். சென்னைக்கா, கடலூருக்கா, ஆந்திராவுக்கா என்று டீக்கடையில் பந்தயம்கூட நடக்கும்.

2024 நவம்பர் கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். ஃபெஞ்சல் என்று சவுதி அரேபியா கொடுத்த பெயர் தயாராக இருந்தது. அந்தப் பெயரை வைக்கும் அளவுக்கு அது வலுக்குமா, வலுக்காதா என்பதிலேயே நாட்கள் போயின. புயலாக மாறும் என்றார்கள். மாறாது, ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாகவே கரை கடக்கும் என்றார்கள். 29-ஆம் தேதி பிற்பகலில் புயலாகிவிட்டது என்றார்கள். வானிலைக்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கடலில் இருப்பதைக் கணிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது புரிகிறது. ஆனால் தொலைக்காட்சியும் பத்திரிகையும் பெயர் சூட்டு விழாவுக்குக் கொடுத்த இடத்தில் பாதியை மழைக்குக் கொடுத்திருக்கலாம்.

ஏனென்றால் அந்தப் பெயரும் தரமும் காற்றை மட்டும் வைத்துப் போடுவது. மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல் காற்று சுழன்றால் புயல். 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல். 118-ஐத் தொட்டால் அதி தீவிரப் புயல். எத்தனை சென்டிமீட்டர் கொட்டும் என்பதற்கு இந்த ஏணியில் படியே கிடையாது. 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே அதி தீவிரம். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததை எங்கள் பக்கத்தில் பார்க்காதவர்கள் இல்லை. ஃபெஞ்சல் வெறும் புயல்; கரை கடக்கும்போது காற்று 70, 80, வீச்சில் 90. "தானே மாதிரியெல்லாம் இருக்காதாம்" என்று சங்கத்தில் பால் ஊற்ற வந்தவர்கள் எல்லோரும் ஒரே பேச்சாகப் பேசினார்கள். அந்த 70, 80, 90-ஐ அவர்கள் பேப்பரில் படித்திருந்தார்கள். படித்ததில் தப்பு ஒன்றுமில்லை. காற்றைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

பெயரே இல்லாதவை செய்த வேலையைப் பாருங்கள். 2015 நவம்பரில் கடலூர் மாவட்டத்தை மூழ்கடித்தது புயல் இல்லை, ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 2021 நவம்பரில் தென்பெண்ணையில் பெருவெள்ளம் வந்து எல்லீஸ் அணைக்கட்டு உடைந்தபோதும் பெயர் வைத்த புயல் எதுவும் எங்களைத் தாக்கவில்லை.

சரி, ஃபெஞ்சலுக்கு வருகிறேன். நவம்பர் 30, சனிக்கிழமை இரவு, புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. கடந்துவிட்டது என்று கேட்டதும் ஊரே பெருமூச்சு விட்டது. கூரை பிய்ந்தவர்கள் தார்ப்பாய் தேட ஆரம்பித்தார்கள், முறிந்து விழுந்த முருங்கையை வெட்டி ஓரம்கட்டினார்கள். அந்தப் பக்கம் புயலோ கரையேறிய இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. அதைத் தள்ளிக்கொண்டு போக மேல் காற்றுக்கு வலு இல்லை. மணிக்கணக்கில் நகராமல் நின்று கொட்டியதில் மறுநாள் காலை வரைக்கும் மயிலத்தில் 51 சென்டிமீட்டர், புதுச்சேரியில் 48 சென்டிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை அது வலுக்குறைந்து மேற்கே நகர்ந்தது. வலுக்குறைந்தது என்ற சொல்லும் காற்றைப் பற்றியதுதான். அன்று மாலை திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். திங்கட்கிழமை காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர்.

மயிலத்துக்கும் ஊத்தங்கரைக்கும் மழை அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. எங்களுக்கோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மயிலம் எங்கள் மாவட்டம்தான். ஆனால் அங்கே பெய்தது எங்கள் ஆற்றுக்கு வராது. ஊத்தங்கரை எங்களுக்கு மேற்கே சுமார் 100 கிலோமீட்டர், வேறு மாவட்டம். அங்கே பெய்வது பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்கு வந்து, சாத்தனூர் அணைக்குள் இறங்கி, அப்புறம் எங்கள் வாசலுக்கு வரும். உங்கள் பத்திரிகையின் விழுப்புரம் பதிப்பில் கிருஷ்ணகிரி மாவட்ட மழையை உள்பக்கத்தில் மூன்று வரியில் போடுகிறீர்கள். எங்களுக்கு அதுதான் தலைப்புச் செய்தி.

டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை திறந்தார்கள். இந்த எண்ணைப் பிறகு எல்லோரும் எழுதினார்கள், நீங்களும் எழுதினீர்கள். கனஅடி என்றால் எங்கள் ஊரில் எத்தனை பேருக்குப் புரியும்? நான் பால்காரி, லிட்டரில்தான் யோசிப்பேன். ஒரு கனஅடி 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. நாங்கள் பால் ஏற்றுகிற 40 லிட்டர் கேனில் கணக்குப் போட்டால், வினாடிக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேன்களைக் கவிழ்ப்பது போல. இன்னொரு கணக்கும் போட்டேன். சாத்தனூர் அணையின் மொத்தக் கொள்ளளவு சுமார் 7.3 டிஎம்சி; ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி. மேலே இருந்து வரத்தே இல்லாமல் அதே வேகத்தில் திறந்துவிட்டால் நிறைந்த அணை 12 மணி நேரத்தில் காலியாகிவிடும். இந்த இரண்டு வரியை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் திண்ணையை விட்டு எழுந்திருப்பார்கள்.

ஐந்து கட்டமாக எச்சரிக்கை கொடுத்தோம் என்று அரசு சொன்னது, சொல்லாமல் திறந்தீர்கள் என்று எதிர்க்கட்சி சொன்னது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. எனக்குத் தெரிந்தது இதுதான்: காற்றில் மின்சாரம் போய், பல செல்போன்கள் சார்ஜ் இல்லாமல் கிடந்தன. எனக்கு முதலில் சேதி சொன்னது ஆற்றுக்கு மேலே இருக்கிற இன்னொரு பால் சங்கத்துக்காரர். "அக்கா, பெண்ணையில தண்ணி நிறம் மாறி வருது, மாட்ட அவுத்து விடச் சொல்லுங்க" என்றார். பால் வண்டி வருமா வராதா என்று கேட்கத்தான் நான் அவருக்குப் போன் போட்டிருந்தேன்.

மாட்டை அவிழ்த்துவிடுவது என்பது பட்டணத்தில் இருப்பவர்கள் நினைப்பது போலச் சட்டென்று ஆகிற காரியமில்லை. ஆளுக்கு ஒரு பை, ரேஷன் கார்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டால் கால் மணியில் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடலாம். சினைமாடு ஓடாது. கன்று போட்டு இரண்டு நாளான மாடு கன்றை விட்டு நகராது. இருட்டில், முழங்கால் தண்ணீரில், பழக்கமில்லாத பாதையில் பசு கால் வைக்காது. இழுத்தால் மூக்குதான் கிழியும். எங்கே ஓட்டிப் போவது என்பது அடுத்த கேள்வி. முகாம் நடக்கிற பள்ளிக்கூடத்தில் மாட்டைச் சேர்க்க முடியாது. மேடு என்று நம்பிய தேசிய நெடுஞ்சாலையிலேயே அரசூர், இருவேல்பட்டுப் பக்கம் வெள்ளம் ஓடியது. சென்னை–திருச்சி போக்குவரத்தே நின்றது. என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுத் தம்பியும் எங்கள் மாடுகளைக் கோயில் மேட்டுக்கு ஏற்றி முடித்தபோது விடிந்துவிட்டது. கயிற்றை அறுக்க நேரமில்லாதவர்களின் மாடுகள் கட்டுத்தறியிலேயே போயின. வைக்கோல் போர் மிதந்து போனதைப் பற்றி யாரும் எழுதவில்லை. அடுத்த மாதமெல்லாம் தீவனம் வாங்கியே பால் பணம் கரைந்தது.

மாட்டுக்கு ரூ.37,500, ஆட்டுக்கு ரூ.4,000 என்று நிவாரணம் அறிவித்தார்கள். நல்ல விஷயம். ஆனால் செத்த மாட்டைக் காட்டினால்தானே சான்றிதழ் கிடைக்கும்? வெள்ளம் அடித்துக்கொண்டு போன மாட்டை எங்கே போய்த் தேடுவது? பால் சங்கத்துப் பதிவேட்டில் முந்தின நாள் வரைக்கும் ஊற்றிய பால் கணக்கு இருக்கிறது, அதையே சாட்சியாக எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அதைத் தனியாக ஒரு கடிதமாக எழுதுகிறேன்.

கடலோரத்தில் துறைமுகக் கூண்டு என்று ஒன்று இருக்கிறது. ஒன்றிலிருந்து பதினொன்று வரை எண். கடலூரில் கூண்டு ஏற்றினார்கள் என்றால் எந்த எண் என்றுதான் மீனவர் கேட்பார். எண்ணைக் கேட்டதும் படகை என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஆற்றுக்கு அப்படி ஒரு கூண்டு இல்லை. எங்களுக்கு இருப்பது மாவட்டத்துக்கு ஒரு நிறம்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல். 21-ம் சிவப்புதான், 51-ம் சிவப்புதான். இரண்டு மூன்று முறை சிவப்பு என்று சொல்லி வெயில் அடித்துவிட்டால் அடுத்த சிவப்பைப் பார்த்துப் பிள்ளைகள் ஸ்கூல் லீவா என்று மட்டும்தான் கேட்கும். அதுவும் நிறம் மாவட்டத்துக்குத்தானே தவிர ஆற்றுக்கு இல்லை. விழுப்புரம் பச்சையாக இருந்து, கிருஷ்ணகிரியும் திருவண்ணாமலையும் சிவப்பாக இருந்தால் நாங்கள் தூங்கலாமா, கூடாதா? இதை எந்தப் படமும் சொல்வதில்லை.

அதனால் என் கோரிக்கை. புயலோ தாழ்வு மண்டலமோ, பெயர் இருக்கட்டும் இல்லாமல் போகட்டும், கரை கடந்த பிறகும் மூன்று நாளைக்கு ஒரு சின்னப் பெட்டி போடுங்கள். எங்கள் பதிப்பில் தென்பெண்ணை: கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் மூன்று அணைகளின் நீர்மட்டம், வரத்து, திறப்பு, ஊத்தங்கரை மழை. சாத்தனூரில் திறந்த தண்ணீர் திருக்கோவிலூருக்கு எத்தனை மணி நேரத்தில் வரும், திருவெண்ணெய்நல்லூருக்கு எப்போது, கடலூருக்கு எப்போது என்பதை நீர்வளத் துறையிடம் கேட்டு, குறைந்த திறப்புக்கு ஒன்று, பெரிய திறப்புக்கு ஒன்று என இரண்டு வரியில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அச்சிடுங்கள். நான் அதை வெட்டிச் சங்கத்துச் சுவரில், கொழுப்பு விலைப்பட்டியல் பக்கத்தில் ஒட்டிவைப்பேன். காவிரிக்கரைக்காரர்களுக்கு மேட்டூர் நீர்மட்டம் தினம் தவறாமல் வருகிறதே, அதே போலத்தான்.

பேப்பர் நள்ளிரவில் அச்சாகிவிடும், அணை விடிகாலையில் திறந்தால் நாங்கள் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் திறப்பு திடீரென்று வந்தாலும் வரத்து திடீரென்று வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே மழை மேற்கே நகர்ந்துவிட்டது, அணை நிரம்பிய நிலையில் இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அன்று சாயங்காலமே ஒரு வரி எழுதியிருக்கலாம். உங்கள் இணையப் பக்கத்தில் நேரலை என்று சிவப்புப் புள்ளி வைத்து, புயல் கரையைக் கடக்கும் வரை நிமிஷத்துக்கு நிமிஷம் போட்டீர்கள். மறுநாள் அந்தப் புள்ளியைக் காணோம்.

இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். தங்கம் விலைக்குத் தினமும் ஒரு பெட்டி இருக்கிறது. எங்கள் ஊரில் தங்கம் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை வாங்கினால் அதிகம். மழைக்காலம் முடியும் வரைக்கும் அந்தப் பெட்டியில் பாதியைச் சாத்தனூருக்குக் கொடுங்கள். தை பிறந்ததும் கல்யாணக்காரர்களுக்காக முழுசையும் திருப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பால் சங்கச் செயலாளர் ஒருவர்,
திருவெண்ணெய்நல்லூர் வட்டம், விழுப்புரம் மாவட்டம்