பத்து நொடிக்குக் கீழே போனால் பில் ஏன் எகிறுகிறது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். டிராக் ரேஸுக்கு (நேர்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயத்துக்கு) கார் தயார் செய்ய இந்த சீசனில் பட்டறைக்கு வந்தவர்களில் பாதிப் பேர், "போன தடவை இதே இன்ஜின் வேலைக்கு இவ்வளவு ஆகவில்லையே?" என்று கேட்டுவிட்டீர்கள். நியாயமான கேள்விதான்.

உதிரிபாகம், கூலி, ரேஸ் பெட்ரோல், டயர் எல்லாம் ஏறிவிட்டது உங்களுக்கே தெரியும். பெரிய காரணம் வேறு. டர்போவும் கம்ப்யூட்டர் டியூனிங்கும் வந்தபின், கால் மைலை (402 மீட்டர்) 10 நொடியில் தொடுவது வார இறுதியில் ஓட்டுபவருக்கும் எட்டிவிட்டது. விதிகள் இறுகுவதும் சரியாக அங்கேதான். டிராக் ரேஸை நடத்தும் அமெரிக்க அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி 11.49 நொடியோ அதற்குக் குறைவோ ஓடினால் ரோல் பார் (கார் உருண்டால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய் வளைவு) வேண்டும். 9.99 ஆகிவிட்டால் முழு ரோல் கேஜ் (ஓட்டுபவரைச் சுற்றி முழுக் குழாய்க் கூண்டு), சேஸிஸ் (காரின் சட்டகம்) சான்றிதழ், ஓட்டுபவருக்குத் தனி உரிமம். ஏர்பேக்கோடு வரும் புதிய கார்களுக்குச் சலுகை உண்டு. பழைய காரைக் குடைந்து வேலை பார்ப்பவருக்கு இல்லை. ஆக, 10.2-ஐ 9.8 ஆக்குவது லேப்டாப்பில் ஒரு மணி நேர வேலை, அதற்குப் பின்னால் வருவதுதான் செலவு.

போன மாதம் ஒரு இன்ஜினைப் பிரித்தோம். பேரிங்கின் சாம்பல் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தது. பிஸ்டனை கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் போல்ட்டை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால், பூட்டும்போது குறித்து வைத்த நீளத்தைவிட இழுபட்டிருந்தது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டாலே தூக்கிப் போட வேண்டிய போல்ட் அது. மறுபடி அதையே பூட்டியிருந்தால் பில் குறைந்திருக்கும், அடுத்த ஓட்டத்தில் ராட் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்திருக்கும்.

முன்பெல்லாம் வீட்டிலிருந்து ஓட்டி வந்த காரிலேயே டயரை மாற்றி, நாலு ஓட்டம் ஓடிவிட்டு, அதிலேயே திரும்பிப் போவார்கள். இன்று பிட்டில் (டிராக்கில் கார்களை நிறுத்தி வேலை பார்க்கும் இடத்தில்) வீடு மாதிரி டிரெய்லர்கள் நிற்கின்றன. புதிதாக வரும் பையன் அதைப் பார்த்தே மிரண்டு போகிறான்.

அவர்களுக்கு நாங்கள் சொல்வது பிராக்கெட் ரேஸ். எத்தனை நொடியில் ஓடும் என்று ஓட்டுபவரே முன்கூட்டிக் காரில் எழுதிவிடுவார். 12.50 என்று நேரம் எழுதிய கார், 9.80 எழுதிய காருக்கு 2.70 நொடி முன்னால் கிளம்பும். எழுதியதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. அங்கே ஜெயிப்பது ஒரே மாதிரி ஓடும் கார். அங்கேயும் டிலே பாக்ஸோடு (கார் கிளம்பும் கணத்தைத் துல்லியமாகத் தள்ளி வைக்கும் மின்னணுக் கருவியோடு) பணம் நுழைந்துவிட்டது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பாக்ஸ் இல்லாதவர்களுக்கென்று தனிப் பிரிவு நடத்தும் டிராக்குகள் நிறைய உண்டு.

அடுத்த சீசனிலிருந்து பாதுகாப்பு வேலைகளைப் பில்லில் தனியாகக் காட்டுவோம். கேஜ் தேவைப்படும் காருக்கு, கேஜ் போடாமல் 9 நொடி டியூன் செய்து தர மாட்டோம். கோபித்துக்கொள்ள வேண்டாம். சீட் பெல்ட்டில் உள்ள தேதியையும் பார்ப்போம். இரண்டு வருடம் தாண்டியிருந்தால், பார்க்கப் புதிதாக இருந்தாலும் மாற்றச் சொல்வோம்.

அப்புறம், வரும்போது கடைசியாக ஓடிய நாலைந்து டைம் ஸ்லிப்பை (ஓட்டம் முடிந்ததும் டிராக்கில் தரும் நேரச் சீட்டை) கொண்டு வாருங்கள். முதல் 60 அடி நேரத்தைப் பார்த்துவிட்டு, இன்ஜினைத் தொடலாமா, டயர் காற்றைக் குறைத்தாலே போதுமா என்று சொல்கிறோம்.

அன்புடன்,
பட்டறையிலிருந்து