ஆப்-ஆம்ப் மாடல்களைப் பூட்டாதீர்கள்: சிப் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆப்-ஆம்ப் நிறுவனங்களில் ஸ்பைஸ் மாடல்களுக்குப் பொறுப்பானவர்களுக்கு,

வணக்கம். உங்களில் ஒரு நிறுவனம் அண்மையில் ஓர் ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) மாடலை, அதாவது சிப்பின் நடத்தையை ஸ்பைஸ் போன்ற சர்க்யூட் சிமுலேட்டருக்குச் சொல்லும் கோப்பை, புதுப்பித்தது. பழையது யாரும் படிக்கக்கூடிய உரைக்கோப்பு. புதியது என்கிரிப்ட் செய்யப்பட்டு, ஒரே ஒரு வணிக சிமுலேட்டரில் மட்டும் ஓடுகிறது. பழையதையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். என்ஜிஸ்பைஸ் என்ற இலவச, திறந்த மூல சிமுலேட்டரில் வேலை செய்கிறவர்களுக்கு அந்தச் சிப்புக்கு இப்போது மாடலே கிடையாது.

இதனால் என்ன சிரமம் என்று சொல்கிறேன். நான் வடிவமைப்பது போட்டோடையோடு (ஒளியை மின்னோட்டமாக்கும் சாதனம்) ஆம்ப்ளிஃபயர். ஃபீட்பேக் கெபாசிட்டர் சிறிதாகிவிட்டால் சர்க்யூட் ஆசிலேட் ஆகும், அதாவது தானாகவே அலைபாயும். பெரிதாகிவிட்டால் வேகம் போய்விடும். சரியான மதிப்பு ஆப்-ஆம்பின் உள்ளீட்டுக் கெபாசிட்டன்ஸையும் கெயின்-பேண்ட்வித்தையும் பொறுத்தது. மாடல் இல்லையென்றால் நாமே ஒன்று எழுத வேண்டும். டேட்டாஷீட்டில் 100 டெசிபெல் கெயின், 10 மெகாஹெர்ட்ஸ் கெயின்-பேண்ட்வித் என்று இருந்தால், 100 ஹெர்ட்ஸில் ஒரு போல் (கெயின் குறையத் தொடங்கும் அதிர்வெண்) வைக்கலாம். அதுவரை சரி. ஃபேஸ் மார்ஜினை (ஆசிலேட் ஆகும் எல்லைக்கு எவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்பதை) முடிவு செய்யும் அடுத்த போலுக்கு எங்கே போவது? டேட்டாஷீட்டின் மங்கலான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் அளந்து வைத்திருக்கும் எண்ணை நாங்கள் ஊகிக்கிறோம்!

திறந்த கோப்பாக இருந்தால், 'டைம்ஸ்டெப் டூ ஸ்மால்' (நேர இடைவெளி மிகச் சிறிது) என்று சிமுலேஷன் நிற்கும்போது, பிழைச் செய்தி சொல்லும் நோடை (சர்க்யூட்டின் இணைப்புப் புள்ளியை) மாடலுக்குள்ளேயே போய்த் தேடலாம். சட்டென்று தாவும் ஒரு சோர்ஸைக் கொஞ்சம் மென்மையாக்கினாலே பல நேரம் ஓடிவிடும். பூட்டிய கோப்பில் இதற்கெல்லாம் வழியே இல்லை. ஆகவே கேட்கிறேன்: மாடல்களைத் திறந்த உரையாகவே தாருங்கள்.

தொழில் ரகசியம் என்பீர்கள். நீங்கள் தரும் மேக்ரோமாடலில், அதாவது எளிமையாக்கிய மாடலில், உங்கள் டிரான்சிஸ்டர் சர்க்யூட்டா இருக்கிறது? சில கன்ட்ரோல்டு சோர்ஸ்கள், ரெசிஸ்டர்கள், கெபாசிட்டர்கள். சிப்பின் நடத்தையை வெளியிலிருந்து பார்த்து எழுதியவை. பாய்ல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 1974இலேயே அந்த முறையை எல்லோரும் படிக்க வெளியிட்டுவிட்டார்கள். ஸ்பைஸும் பெர்க்லி பல்கலைக்கழகம் பொதுவில் கொடுத்ததுதான். இப்படித் திறந்து கிடைத்த அடித்தளத்தின் மேல் நின்றுகொண்டு பூட்டுப் போடுவது நியாயமில்லை.

இன்னொன்று, பின் வரிசை, அதாவது சிப்பின் கால்கள் மாடலில் எந்த வரிசையில் வருகின்றன என்பது. பல கோப்புகளில் ஐந்து நோடுகளில் எது எது என்று ஒரு கமெண்ட் கூட இல்லை. உள்ளீடுகள் இரண்டும் இடம் மாறினாலும் சிமுலேட்டர் பிழை சொல்லாது. ஏசி அனாலிசிஸில் (அதிர்வெண் வாரியான சோதனையில்) கெயின் சில நேரம் சரியாகவே தெரியும். டிரான்சியன்ட் (நேரப்போக்கில் நடப்பதைக் காட்டும் சோதனை) ஓட்டும்போதுதான் அவுட்புட் சப்ளையில் போய் ஒட்டிக்கொள்ளும். புதிதாகக் கற்கும் மாணவர் இதில் சிக்கினால், தன் சர்க்யூட்தான் தப்பு என்று நினைத்து அதையே பிரித்துப் பிரித்துப் பார்ப்பார்.

கோபமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் சிப்பை வாங்கத்தான் இவ்வளவு பாடும். தயவுசெய்து மாடல்களைத் திறந்த உரையாகத் தாருங்கள். முதல் வரிகளில் பின் வரிசையையும், எந்தச் சிமுலேட்டரின் எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தப் பட்டியலில் என்ஜிஸ்பைஸும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் சிப்புகளைப் பயன்படுத்தும் ஒரு சர்க்யூட் வடிவமைப்பாளர்