குழுவாக வேட்டைக்குக் கிளம்பும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். வரும் பருவம் முதல், குழு வேட்டைப் பயணத்துக்கு முன்பதிவு செய்யும்போது குழுவில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியே ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். "அண்ணன், தம்பி, மைத்துனர் என்று ஒரே குடும்பமாகப் போகிறோம், ஒருவர் எழுதிக் கொடுத்தால் போதாதா?" என்று பலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லவே இந்த மடல்.

படிவத்தின் முதல் கேள்வி, நீங்கள் எதற்காக வருகிறீர்கள் என்பது. ஒருவர் பெரிய கொம்புள்ள முதிர்ந்த மானுக்காகப் பயணம் முழுவதும் காத்திருக்கத் தயாராக வருவார். இன்னொருவருக்கு வீட்டுக்கு இறைச்சி கிடைத்தால் போதும். வேறொருவர் நண்பர்களோடு காட்டில் இருக்க ஆசைப்பட்டு வருகிறார், துப்பாக்கியைத் தொடவே விரும்பமாட்டார். மூன்றும் நல்ல காரணங்கள்தான். ஆனால் இது தெரியாமல் மூவரையும் ஒரே திட்டத்தில் அடைத்தால் இரண்டாம் நாளே மனக்கசப்பு வரும். முன்பே தெரிந்தால் யாரைப் பரணில் அமர்த்துவது, யாரை வழிகாட்டியோடு தடம் பார்த்து நடக்க விடுவது, யாருக்கு முகாமில் பொறுப்புத் தருவது என்று நாங்கள் பிரித்துவிடுவோம்.

அடுத்தது உரிமம். வேட்டைக்கு அனுமதி உள்ள இடத்தில், அனுமதி உள்ள பருவத்தில், அனுமதி உள்ள விலங்குக்கு மட்டுமே நாங்கள் பயணம் ஏற்பாடு செய்கிறோம். உரிமத்துக்குக் குலுக்கல் நடத்தும் இடங்களில் குழுவாக விண்ணப்பித்தால், கிடைத்தால் எல்லோருக்கும், இல்லையென்றால் ஒருவருக்கும் இல்லை என்பதே வழக்கமான முறை. விண்ணப்பத் தேதியும் பருவத்துக்குப் பல மாதங்கள் முன்பே முடிந்துவிடும். ஒருவர் பயிற்சிச் சான்றிதழை அனுப்பத் தாமதித்தால் மொத்தக் குழுவும் காத்திருக்க நேரும்.

வேட்டையாடிய விலங்கில் அதைச் சுட்டவரின் அனுமதி அட்டையைத்தான் கட்ட வேண்டும் என்பது பல இடங்களில் சட்டம். "தம்பிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அவன் பங்குக்கு நான் ஒன்று சுடுகிறேன்" என்று பாசத்தோடு செய்வதும் அங்கே குற்றமாகிவிடும். குழுவில் ஒருவருக்காக மற்றவர் சுடலாம் என்று அனுமதிக்கும் இடங்களும் இருக்கின்றன. எனவே, போகும் இடத்தின் விதியை எழுதித் தருவோம். அதை ஒவ்வொருவரும் படித்துக் கையெழுத்திட வேண்டும்.

துப்பாக்கியின் விவரத்தையும் தோட்டாவின் அளவையும் ஏன் தனித்தனியே கேட்கிறோம் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நண்பர்கள் கூடும் இடத்தில் தோட்டாக்கள் ஒரே பைக்குள் கலந்துவிடுவது சகஜம். போர் என்பது குழலின் அளவு; எண் கூடக் கூட அளவு சிறிதாகும். 12 போர் துப்பாக்கிக்குள் 20 போர் தோட்டா தவறிப் போய்விட்டால், அது குழலுக்குள் நழுவிச் சென்று சற்றுத் தள்ளிச் சிக்கிக்கொள்ளும். விசையை இழுத்தால் வெறும் சத்தம்தான் வரும். திறந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்து 12 போர் தோட்டா ஒன்றைப் போட்டு மீண்டும் சுட்டால் குழல் வெடித்துப் பிளக்கும், குழலைப் பிடித்திருக்கும் கை போய்விடவும் கூடும். 20 போர் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்வது இந்த ஆபத்தைத் தவிர்க்கத்தான். அண்ணனுக்கு ஒரு போர், தம்பிக்கு வேறு போர் என்றால் தோட்டாப் பைகளை நிறம் பிரித்துக் கட்டி ஆளுக்கு ஒன்றாக நாங்களே தருவோம். அந்தப் பைகளைத் தயவுசெய்து ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்ளாதீர்கள்.

விமானத்தில் போகும் குழுக்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. தோட்டாக்களுக்குப் பொதுவான வரம்பு பயணி ஒருவருக்கு 5 கிலோ. இருவரின் பங்கைச் சேர்த்து ஒரே பொதியாகக் கட்ட அனுமதி இல்லை. துப்பாக்கி, தோட்டா எடுக்கப்பட்ட நிலையில், பூட்டிய உறுதியான பெட்டியில் இருக்க வேண்டும். விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்பதும் அவசியம்.

ஆரஞ்சு நிற மேலாடையும் தொப்பியும் எல்லோருக்கும் கட்டாயம், சுடாமல் உடன் வருகிறவர்களுக்கும்தான். மான் வெருண்டு ஓடிவிடும் என்று அஞ்ச வேண்டாம். மானின் கண் நீலத்தை நன்றாகப் பார்க்கும், ஆரஞ்சு அதற்கு மங்கலாகவே தெரியும். மனிதக் கண்ணுக்கோ அடர்ந்த புதருக்குள்ளும் பளிச்சென்று தெரியும். நீல நிற ஜீன்ஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

பலர் ஒரே காட்டுக்குள் இறங்கும்போது, யார் எங்கே இருக்கிறார், எந்தத் திசையில் சுடலாம் என்பது காலையிலேயே முடிவாகியிருக்க வேண்டும். சிறிய .22 ரைபிளின் குண்டே இரண்டு கிலோமீட்டர் வரை போகக்கூடும். பெரிய ரைபிள்களின் குண்டு அதையும் தாண்டும். ஆகவே, பின்னால் மண்மேடோ சரிவோ இல்லாமல் வானத்தை ஒட்டி நிற்கும் விலங்கை எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சுடக்கூடாது. தனக்கு ஒதுக்கிய இடத்தைவிட்டு நகர வேண்டியிருந்தால் குழுத் தலைவரிடம் சொல்லிவிட்டே நகர வேண்டும்.

அந்தத் தலைவரை நீங்களே தேர்ந்தெடுங்கள். அலுவலகக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள்: மேலாளர்தான் தலைவராக இருக்க வேண்டும் என்பதில்லை. காட்டில் அதிகம் பழகியவர் குழுவில் வயதில் மிக இளையவராக இருந்தாலும் அங்கே அவர் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்பட வேண்டும். அதே நேரம் "இது ஆபத்து, வேண்டாம்" என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. அப்படிச் சொன்னவரை யாரும் கேலி செய்யக்கூடாது. மதுவைப் பற்றி எங்கள் விதி கண்டிப்பானது. அன்றைய வேட்டை முடிந்து துப்பாக்கிகள் அத்தனையும் பூட்டப்படும்வரை ஒரு சொட்டுகூட அனுமதி இல்லை.

குழு வேட்டையில் அதிகம் கெட்டுப்போவது, சுட்ட பிறகு வரும் அரைமணி நேரம்தான். ஒருவர் சுட்டதும் எல்லோரும் உற்சாகத்தில் ஓடிப்போய்த் தடத்தை மிதித்துவிடுகிறார்கள், அடிபட்ட விலங்கும் எழுந்து வெகுதூரம் போய்விடுகிறது. நின்ற இடத்திலேயே இருங்கள். சுட்டவரும் வழிகாட்டியும் மட்டும் போய் ரத்தத்தைப் பார்க்கட்டும். நுரை கலந்த வெளிர் சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது, விலங்கு பக்கத்திலேயே விழுந்திருக்கும். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரலில் பட்டிருக்கலாம். பச்சை கலந்து நாற்றம் வீசினால் குடலில் பட்டிருக்கிறது, பல மணி நேரம் பொறுத்திருந்தே தேட வேண்டும். தேடத் தொடங்கினால் பாதியில் விட்டுவிடக் கூடாது. உயிரைக் காயப்படுத்தியவருக்கு அதைக் கண்டுபிடிக்கும் கடமை இருக்கிறது. மறுநாள் திட்டம் தள்ளிப்போனால் அதற்காக யாரும் வருத்தப்படக் கூடாது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இறைச்சிப் பங்கையும் கிளம்பும் முன்பே எழுதிவிடுங்கள். சுட்டவருக்குக் கூடுதலா, எல்லோருக்கும் சமமா, சுடாமல் கூட வந்தவருக்கும் உண்டா என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். விலங்கு விழுந்ததும் குடலை நீக்கி, உடலை விரித்துச் சூடு தணியவிட்டு, இறைச்சியை 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொண்டுபோக வேண்டும். பங்குக்காக விவாதித்து நேரத்தைக் கடத்தினால் பிரிக்க நல்ல இறைச்சி மிஞ்சாது. ஐஸ் பெட்டிகள், கத்திகள், கயிறு ஆகியவற்றை நாங்கள் தருகிறோம். கூடாரம், சமையல் சாமான்களின் பட்டியல் படிவத்தின் பின்பக்கம் இருக்கிறது.

முன்பதிவு செய்துள்ள குழுக்கள், பயணத் தேதிக்கு ஆறு வாரம் முன்னதாக எல்லோருடைய படிவங்களையும் சேர்த்து அனுப்பிவையுங்கள். ரத்தப் பிரிவு, ஒவ்வாமை, தொடர்ந்து சாப்பிடும் மருந்து ஆகிய கட்டங்களைக் காலியாக விடாதீர்கள். அவற்றை வழிகாட்டியும் குழுத் தலைவரும் தவிர வேறு யாரும் பார்க்கமாட்டார்கள். படிவங்கள் வந்து சேர்ந்ததும் குழு முழுவதையும் ஒருநாள் மாலை கடைக்கு அழைத்து வரைபடத்தை விரித்துப் பேசுவோம். அன்று துப்பாக்கியைக் கொண்டுவருவதானால் தோட்டாவை எடுத்துவிட்டு, உறையிலிட்டுக் கொண்டுவாருங்கள்.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளரும் ஊழியர்களும்