மான்ட்டரேயில் விட்டுவந்த விமானம்

சான் ஹோசே,
ஆகஸ்ட் 9

அன்புள்ள பாலம்,

உன் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறேன். ஏழு மாதம் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டால் அதையும் நீ கேலி செய்வாய் என்பதால் கேட்கப்போவதில்லை. இங்கே அனைவரும் நலம். அம்மா ஊர் திரும்பி மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என்னைப் பற்றிய புகார்கள் கூடியிருக்கின்றன. நம் நண்பன் 'கலெக்டர்' மறுபடியும் வேலையை விட்டுவிட்டான் என்று கேள்விப்பட்டேன். இந்த முறை யாரைத் திருத்தப் போனானாம்?

அக்டோபரில் நீங்கள் நால்வரும் வருவதும், வந்ததும் என் 'சொந்த விமானத்தில்' ஏறியே தீருவதென்று உன் பிள்ளைகள் சபதம் எடுத்திருப்பதும் மகிழ்ச்சியே. ஆனால் அது சொந்த விமானம் அல்ல. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து நடத்தும் ஒரு சிறு சங்கத்துக்கு உரிய, 1978ஆம் ஆண்டில் செய்த செஸ்னா 172 அது; ரீட்-ஹில்வியூ விமான நிலையத்தில் வெயிலில் நிற்கிறது, இயந்திரம் ஓடும் நேரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்து எடுத்துப் போகிறோம். உள்ளே நம் பழைய அம்பாசடர் அளவுகூட இடமில்லை. ஒருவர் காதில் ஒருவர் கத்தினாலும் கேட்காத இரைச்சல் என்பதால் ஆளுக்கொரு ஹெட்செட் மாட்டிக்கொண்டுதான் பேச வேண்டும். அம்மாவின் கொண்டைக்கு மேல் அதைப் பொருத்தியது தனிக் கதை. தன் குரல் தன் காதிலேயே விழுகிறது என்று கண்டுகொண்ட நிமிடத்திலிருந்து அவள் பேச்சை நிறுத்தவில்லை. கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு நான் பேசும்போது மட்டும் வாயை மூடிக்கொள் என்று பெற்ற தாயிடம் கெஞ்சிய முதல் மகன் நானாகத்தான் இருப்பேன்.

இதில் நான்கு இருக்கைகள் உண்டு. ஆனால் நான்கு பேரும், நிறைந்த தொட்டியும், பெட்டிகளும் ஒருங்கே போக முடியாது. புறப்படும்போது மொத்த எடை 1,043 கிலோவைத் தாண்டக்கூடாது. விமானத்தின் வெற்று எடையைக் கழித்தால் ஏறக்குறைய 370 கிலோ மிஞ்சும். தொட்டி நிறையப் பெட்ரோல் ஊற்றினால் அதில் 109 கிலோ போய்விடும். நானும் மனைவியும் மகளும் அம்மாவும் சேர்ந்து 264 கிலோ. ஆக எங்களுக்கே மூன்று கிலோ போதவில்லை. பிறகு புளியோதரைத் தூக்குக்கு எங்கே போவது? ஆகவே தொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் வைத்துக்கொண்டேன். மணிக்கு முப்பது லிட்டர் குடிக்கும் இயந்திரத்துக்கு அது மூன்று மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இந்தக் கணக்குக்காக வீட்டில் அனைவரையும் எடை பார்க்கும் கருவியில் ஏற்றி நிறுத்தினேன். பதினெட்டு ஆண்டு இல்லறத்தில் நான் கேட்ட கேள்விகளிலேயே மிக ஆபத்தானது அதுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். ஜூலை மாதத்து மூன்றாம் சனிக்கிழமை. மறுநாள் இரவு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து அம்மாவுக்கு ஊர் திரும்பும் விமானம். போகும் முன் மகன் ஓட்டும் விமானத்தில் ஒருமுறை அவளை அழைத்துப்போய்விட வேண்டும் என்று நான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மான்ட்டரே இங்கிருந்து அரை மணி நேரப் பறப்பு. அங்கே பழைய மத்தி மீன் பதனிடும் ஆலை இருந்த இடத்தில் 1984இல் திறந்த பெரிய மீன்காட்சியகம் இருக்கிறது. காலையில் கடற்கரையை மேகம் மூடியிருந்தது. பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறி மேகம் கரைந்ததும் புறப்பட்டோம். ஹாலிஸ்டர் பக்கத்து மஞ்சள் குன்றுகளைத் தாண்டியதும் பிறை வடிவத்தில் விரிகுடா முழுவதும் ஒரே பார்வையில் விரிந்தது. அதுவரை 'முருகா, முருகா' என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, பிடியை விட்டு, கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து, "நம்ம தூத்துக்குடியை மேலேயிருந்து பார்த்தா இப்படித்தான் இருக்குமாடா?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்விக்காக நான் இத்தனை ஆண்டும் செலவழித்த டாலர்களை இன்னொரு முறையும் செலவழிப்பேன்.

மீன்காட்சியகத்தில் தொட்டிக்குள் வெள்ளித்தகடாகச் சுழன்ற மத்திக் கூட்டத்தைப் பார்த்து, சாளைக்கு இங்கே இவ்வளவு மரியாதையா என்று அவள் வியந்து நின்றதிலும், மகள் கடல் நீர்நாய்களை விட்டு நகர மறுத்ததிலும் நேரம் போய்விட்டது. நான்கு மணிக்குக் கிளம்புவதாக இருந்தோம். விமானத்தருகே வந்தபோது ஐந்தே முக்கால்.

இந்தக் கடற்கரையில் கோடைக்காலக் கடல் நீர் குளிர்ந்து கிடக்கும்; ஆழத்து நீர் மேலே வருவதால் அப்படி. அதன்மேல் படியும் காற்று குளிர்ந்து தாழ்மேகமாகத் திரள்கிறது. உள்நாட்டுப் பள்ளத்தாக்குகள் பகலெல்லாம் காய்ந்து காற்றை உள்ளே இழுக்க, மாலையானதும் அந்த மேகம் கரையேறுகிறது. இதைப் பயிற்சியில் படித்திருக்கிறேன், தேர்வில் எழுதியிருக்கிறேன், பிறருக்கும் விளக்கியிருக்கிறேன். அன்று அது மேற்கே பைன் மரங்களுக்கு மேல் வெள்ளைப் போர்வையாக இறங்கிக்கொண்டிருந்தது.

கண்ணால் பார்த்து ஓட்டும் உரிமம் மட்டுமே உள்ளவன் நான். மான்ட்டரே போலக் கோபுரம் உள்ள நிலையத்திலிருந்து நான் புறப்பட மேகத்தின் அடிப்பரப்பு ஆயிரம் அடிக்குக் குறையாமலும், பார்வைத் தொலைவு மூன்று மைலுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். அப்போது மேகம் எண்ணூறு அடியில் இருந்தது. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து உண்டு: விமானி தானாகக் கேட்டால், மேகத்தைத் தொடாமலும் ஒரு மைல் பார்வையோடும் போக, பகல் வேளையில் கோபுரம் தனி அனுமதி தரலாம். கிழக்கே சலீனாஸ் பக்கம் வானம் திறந்து மஞ்சள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் தாழப் பறந்தால் அந்த வெயிலில் சேர்ந்துவிடலாம். இதற்கிடையில் எங்கள் பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம், ஒரு நாயோடு சேர்த்து, தங்கள் விமானத்தில் ஏறி, ஓடுபாதையில் ஓடி, மேகத்துக்குள் நுழைந்து மறைந்தது. "அந்தப் பிள்ளை போறானே, நீ ஏன் நிக்கிறே?" என்று அம்மா கேட்டாள். அவரிடம் கருவிகளை மட்டும் பார்த்து மேகத்துக்குள் ஓட்டும் தகுதி இருக்கிறது, என்னிடம் இல்லை என்றேன். "நீயும் படிச்சிருக்கலாமில்லே" என்றாள். மனைவி எதுவும் சொல்லவில்லை. அது அதைவிட மோசம்.

சங்கத்து நண்பர்களிடமும் அலுவலகத்திலும் நான் சொன்ன கதை, மேகத்தைப் பார்த்ததும் பயணத்தை ரத்து செய்துவிட்டு வாடகைக் காரில் வீடு திரும்பினேன் என்பது. அனைவரும் பாராட்டினார்கள். அது பொய், பாலம். நான் அனைவரையும் ஏற்றினேன். கதவுகளைச் சாத்தினேன். இயந்திரத்தை இயக்கினேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு இன்னொருவர் அந்த விமானத்தைப் பதிவு செய்திருந்தார். அம்மாவின் பெட்டிகளை இன்னும் எடைகூடப் போடவில்லை. விமானத்தை அங்கேயே விட்டுவந்தால் மீட்க இன்னொரு பயணம், நிறுத்தக் கட்டணம், வாடகைக் கார். இவற்றையெல்லாம் கூட்டிக்கொண்டிருந்தேனே தவிர மேகத்தைப் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தேன், போகலாம் என்று முன்பே முடிவெடுத்துவிட்ட கண்ணால் பார்த்தேன். தனி அனுமதி கேட்க வானொலிப் பொத்தானில் விரல் வைத்திருந்தபோது, பின்னாலிருந்து மகளின் குரல் ஹெட்செட்டில் வந்தது: "அப்பா, இப்ப அங்கே ஒரு மலை இருந்துச்சே, எங்கே?"

நிமிர்ந்து பார்த்தேன். மலை இல்லை. இயந்திரத்தை அணைத்தேன்.

ஒரு பொத்தான், ஒரு வாக்கியம். கேட்டிருந்தால் அனுமதி கிடைத்திருக்கும் என்றே நினைக்கிறேன். போயும் சேர்ந்திருக்கலாம்; அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் சேர்ந்திருந்தால் அடுத்த முறை இன்னும் துணிந்திருப்பேன்.

மேகத்துக்குள் போனால் என்ன, நேராக ஓட்டினால் போதாதா என்று நீ கேட்பாய். சிறுவயதில் தட்டாமாலை சுற்றி நின்ற பிறகும் உலகம் சுற்றியது அல்லவா? காதுக்குள் இருக்கும் நீர் அப்படித்தான் பொய் சொல்லும். வெளியே அடிவானம் தெரியாதபோது விமானம் மெல்லச் சாய்ந்து திரும்பினாலும் உடம்பு நேராகப் போவதாகவே சத்தியம் செய்யும். சரி செய்யப்போனால் தவறாகச் சாய்வதாகத் தோன்றும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிப் பயிற்சி இல்லாத இருபது பேரைப் பயிற்றுநர் துணையோடு அத்தகைய நிலையில் ஓட்டவைத்துப் பார்த்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. நம் மெஸ்ஸில் ஒரு தோசை வருவதற்கு அதைவிட அதிக நேரமாகும்.

அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி 1999 ஜூலை 16ஆம் தேதி இரவு தன் சிறு விமானத்தில் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டு, கடல்மேல் மங்கலான இருளில் அடிவானத்தைத் தொலைத்து, மூவரும் இறந்ததை நீ செய்தித்தாளில் படித்திருப்பாய். குடும்பத்துத் திருமணம் ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தார். வழியில் மைத்துனியை ஒரு தீவில் இறக்கிவிட வேண்டியிருந்தது. அன்றைய வானிலையும் சட்டப்படி பறக்கக்கூடியதாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் அந்த அறிக்கையைப் படிக்கும்போது, இவர் ஏன் காத்திருக்கவில்லை என்று கேட்பேன். இப்போது அந்தக் கேள்வி வரவில்லை. காத்திருப்பவர்கள் இருக்கும்போது காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தனியாகப் பறந்திருந்தால் நான் ஒரு காப்பி குடித்துவிட்டு மான்ட்டரேயிலேயே தங்கியிருப்பேன்.

பிறகு நடந்தது அனைத்தும் சிரிப்புக்குரியது. ஒன்றரை மணி நேரம் காரில் ஒருவரும் பேசவில்லை. சலீனாஸ் தாண்டியதும் அந்த மஞ்சள் வெயில் எங்களைப் பார்த்துப் பல்லை இளித்தது. அம்மாவின் பெட்டி நான்கு கிலோ கூடுதலாக இருந்து, நள்ளிரவில் ஊறுகாய் பாட்டில்களை வெளியே எடுத்தோம். காலை எட்டு மணிக்காரர் தொலைபேசியில் பேசிய தமிழல்லாத சொற்களை இங்கே எழுதத் தகாது. திங்கட்கிழமை ஒரு சங்கத்து நண்பர் என்னை மான்ட்டரேயில் இறக்கிவிட, விமானத்தை ஓட்டிவந்தேன். அன்று மேகம் ஒரு துண்டுகூட இல்லை.

நல்ல வேளையாக நீங்கள் வரும் அக்டோபரில் கடற்கரை தெளிந்திருக்கும். ஆனாலும் சில விஷயங்களை இப்போதே ஒத்துக்கொள். உங்கள் நால்வரையும் ஒரே நடையில் ஏற்ற முடியாது. இரண்டு இரண்டு பேராக இரண்டு நடை. வெயில் ஏறி விமானம் குலுங்கத் தொடங்கும் முன் காலையிலேயே போய் வந்துவிடுவோம். உன் மனைவிக்குப் பேருந்திலேயே தலைசுற்றும் என்பது எனக்கு நினைவிருக்கிறது. செலவு முழுவதையும் நீயே தருவதாக எழுதியிருக்கிறாய். சட்டம் அதற்கு இடம் தராது, என்னைப் போன்ற உரிமம் உள்ளவன் தன் பங்கைத் தானே கொடுத்தாக வேண்டும். மூவர் போனால் மூன்றில் ஒரு பங்கு என்னுடையது. பறப்பதற்கு மறுநாள் வேறு எந்தத் திட்டமும் வைத்துக்கொள்ளாதே. நான் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துவிட்டு 'இன்று இல்லை' என்றால், உன் பிள்ளைகள் அழுதாலும் நீ எனக்காக வாதாடக்கூடாது, எனக்கு எதிராகவும் வாதாடக்கூடாது. பேசாமல் காரில் ஏறு.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதன் காரணம் உனக்குத் தெரியும். அந்த மழை இரவில் தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கம் நீ வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாய். பின்னால் உட்கார்ந்திருந்த நான் உன்னைக் கோழை என்றேன். மறுநாள் விடுதி முழுக்க 'பாலம்' என்ற பெயரைப் பரப்பியதும் நான்தான். முப்பது ஆண்டுகளாக உன் கல்யாணத்தில், உன் வீட்டுப் புதுமனைப் புகுவிழாவில், உன் பிள்ளைகள் எதிரில்கூட அப்படியே அழைத்துவருகிறேன். மான்ட்டரேயில் விமானத்துச் சாவியைத் திருப்பி எடுத்து அதே போலச் சட்டைப்பையில் போட்டபோது உன் நினைவுதான் வந்தது, வெட்கமாக இருந்தது. அந்தப் பெயரை இனி சொல்லக்கூடாதென்று தீர்மானித்துத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். முதல் வரியிலேயே எழுதிவிட்டதைப் பார்த்திருப்பாய்.

நால்வரின் எடையையும் அடுத்த கடிதத்தில் எழுது. உண்மையான எடை, உடுத்திய துணியோடு. உன்னுடையதில் ஐந்து கிலோவை நானாகவே கூட்டிக்கொள்கிறேன்.

அன்புடன்,
டைனமோ